வீட்டைத் திரும்பக் கேட்கும்போது

பணி மாறுதலால் ஊர் ஊராகச் செல்லும் நடுவண் அரசு ஊழியர் பலர், தம் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வேற்றூரில் தாமும் வாடகை வீட்டில் குடியிருப்பர். பணி ஓய்வுக்குப்பின் தம் வீட்டில் குடிபுக விரும்புவர். அப்போது அங்கே வேறொரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும். உரிமையாளரின் தேவையும் நேர்மையானது. குடியிருப்போரின் அச்சமும் நியாயமானது. இவ்விரண்டையும் சட்டம் எவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கிறது?

தலைநகர் தில்லிக்குரிய 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டாகக் காண்போம். வாடகையை ஒழுங்காகச் செலுத்துபவரை உரிமையாளர் தம் விருப்பம்போல் வெளியேற்ற இயலாது. தாம் குடியிருக்க அவ்வீடு உண்மையாகவே தேவை என்பதையும், தமக்குத் தகுந்த வேறு வீடு இல்லை என்பதையும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர்முன் அவர் மெய்ப்பிக்க வேண்டும். குடியிருப்பவர், அழைப்பாணை கிடைத்த 15 நாள்களுக்குள் வழக்கை எதிர்க்க அனுமதி கோரலாம். வெளியேற்றும் ஆணை பிறந்தாலும், 6 மாதங்கள் கழியும்வரை வீட்டை ஒப்படைக்க வேண்டியதில்லை.

சட்டம் அத்துடன் அமைவதில்லை. வீட்டைத் திரும்பப் பெற்றவர் 2 மாதங்களுக்குள் அதில் குடியேற வேண்டும். 3 ஆண்டுகள்வரை அனுமதியின்றி மீண்டும் வாடகைக்கு விடலாகாது. மீறினால், வெளியேறியவர் முறையிட்டு அவ்வீட்டையோ இழப்பீட்டையோ பெற வழியுண்டு. சொல்லால் கூறிய தேவையைச் செயலாலும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

எனினும், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளுக்கு 1988 முதல் இச்சட்டம் பொருந்தாது. இன்று பல குடும்பங்கள் அத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றன. அவர்களுக்கு வாடகை ஒப்பந்தமே முதற்காவல். எத்தனை மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பனவற்றைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் வரையறுத்துக்கொள்வது இரு தரப்பினருக்கும் நன்று. முறையான அறிவிப்பும் போதிய கால இடைவெளியும் இருப்பின், பிரிவு பகையாகாது.

அருஞ்சொற்பொருள்

நடுவண் அரசு – மத்திய அரசு
சீர்தூக்குதல் – நடுநிலையோடு ஆராய்தல்
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்
அழைப்பாணை – முன்னிலையாகுமாறு அனுப்பப்படும் ஆணை

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வேற்றூர், இழப்பீடு, முதற்காவல்.
2. வீட்டைத் திரும்பப் பெற்ற உரிமையாளருக்குச் சட்டம் விதிக்கும் இரு கட்டுப்பாடுகள் யாவை?
3. 'சொல்லால் கூறிய தேவையைச் செயலாலும் மெய்ப்பிக்க வேண்டும்' – பாடக்கருத்தைக்கொண்டு விளக்குக.
4. தம் வீட்டிற்கு மீண்டும் குடிவர விரும்பும் உரிமையாளர், அங்குக் குடியிருப்பவருக்கு எழுதுவதாக ஒரு கடிதம் வரைக.