இரண்டரைக்கு மேல் வேண்டாம்

திருச்சியில் கிளாரினெட் என்று பேச்செடுத்தால் ஏ.கே.சி. நடராஜன் பெயர் வராமல் போகாது. இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரம் கற்றவர். அந்தப் பிடிகளையும் குழைவுகளையும் கிளாரினெட்டில் இறக்கியவர். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரை அழைத்தது டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 2008-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 2022-ல் பத்மஸ்ரீ. அவர் வாசிப்பைக் கேட்டு மயங்கி கிளாரினெட் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள். மூன்றாவது வாரமே அதைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், வாத்தியத்தின் மேல் குற்றமில்லை. மவுத்பீஸில் மாட்டி ஊதும் நாணல் தகடான ரீடுதான் முக்கால்வாசி செய்த வேலை அது.

நானும் அப்படிப் பரண் வரைக்கும் போய்த் திரும்பியவன்தான். கடைக்காரர் மூன்று ரீடு டப்பாக்களை எடுத்து வைத்தார்: இரண்டு, இரண்டரை, மூன்றரை. "எது நல்லது?" என்று கேட்டேன். "நம்பர் ஏற ஏற ஒஸ்தி சார்" என்றார். ஒஸ்தியையே வாங்கினேன். பதினைந்து நாள் ஊதியும் 'புஸ்' என்ற காற்றுதான் வந்தது, கூடவே தாடை வலியும். ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதிப் பக்கம் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். ரீடைக் கையில் வாங்கி நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தம்பி, இது உங்க வாய்க்கு வாங்குனதா, கடைக்காரர் வாய்க்கு வாங்குனதா?" என்றார்.

ஸ்ரீரங்கம் நாகஸ்வரத்துக்குப் பழகிய ஊர். ஆந்திரத்திலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா குடியேறி, அரங்கனுக்கு வாசித்து, சீடர்களை வளர்த்தது இங்கேதான். நாகஸ்வரக்காரர்களுக்கு அந்த வாத்தியத்தின் ரீடான சீவாளி என்றால் உயிர். வாத்தியத்திலிருந்து நூலில் ஒரு கொத்துச் சீவாளி தொங்கும், அதைச் சரிசெய்யும் குச்சியும் கூடவே தொங்கும். கச்சேரிக்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்த்து அன்றைக்கு எது பேசுகிறதோ அதைத்தான் செருகுவார்கள். கிளாரினெட் கற்க வருகிறவர் அந்தக் கவனத்தில் பாதியை ரீடுக்குக் கொடுத்தால் போதும். ஒரு வித்தியாசம் உண்டு. சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். கிளாரினெட்டில் ஒற்றைத் தகடு மவுத்பீஸின் மேல் அதிரும். அதனால் ரீடை மட்டும் தனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. மவுத்பீஸோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் வாத்தியம் எது என்று பாருங்கள்

ஆரம்பக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பி-ஃபிளாட் கிளாரினெட். ரீடு டப்பாவிலும் அதே பெயர் இருக்க வேண்டும். இ-ஃபிளாட் கிளாரினெட்டின் ரீடு சிறியது, ஆல்டோ சாக்ஸபோனின் ரீடு அகலமானது. ஜெர்மன் கட் என்று குறித்த ரீடுகளும் உண்டு. அவை சற்று ஒடுங்கியவை, ஜெர்மானிய வகை மவுத்பீஸுக்கு வெட்டப்பட்டவை. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அடுத்து மவுத்பீஸின் நுனித் திறப்பு. ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளி அது. திறப்பு அகலமானால் மெல்லிய ரீடு, குறுகினால் சற்று விறைப்பான ரீடு. இது பொது விதி. வாத்தியத்தோடு வந்த மவுத்பீஸோ, பலரும் வைத்திருக்கும் யமஹா 4சியோ இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு அல்லது இரண்டரை நம்பர் ரீடு அதற்குப் பொருந்தும்.

நம்பர் என்பது மதிப்பெண் அன்று

கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். நம்பரைத் தரமென்று நினைக்கிறவர்கள் ஒருபுறம், கனமென்று நினைக்கிறவர்கள் மறுபுறம். உண்மையில் அது விறைப்பின் அளவு. ஒரே வகை ரீடுகள் பொதுவாக ஒரே அளவில்தான் வெட்டப்படுகின்றன. வெட்டியபின் ஒவ்வொன்றும் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று கருவியில் அளந்து, ஒன்று முதல் ஐந்து வரை அரை அரையாகப் பிரிக்கிறார்கள். நாணல் இயற்கையாக வளர்வது, ஒரு தண்டு போல் இன்னொன்று இராது. ஒரே டப்பாவின் பத்து ரீடுகளும் பத்து விதமாகப் பேசுவது அதனால்தான்.

கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவுகோலும் மாறும். வாண்டோரன் என்பது, பாரிஸ் ஓபராவில் கிளாரினெட் வாசித்த ஒருவர் 1905-ல் தொடங்கிய கம்பெனி. அதன் நீல டப்பா ரீடு சற்று விறைப்பு. ரிக்கோவின் ஆரஞ்சு டப்பா இளக்கம். இப்போது அது டடாரியோ கம்பெனியின் கையில் இருந்தாலும் பழைய வாசிப்புக்காரர்கள் ரிக்கோ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். ரிக்கோவில் இரண்டரை வாசித்துப் பழகியவர் வாண்டோரனில் இரண்டரை வாங்கினால் திணறுவார்.

என் கணக்கு இது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ரிக்கோ இரண்டு. பெரியவர்களுக்கு ரிக்கோ இரண்டரை, அல்லது வாண்டோரன் இரண்டு. முதல் ஆறு மாதம் இதற்கு மேல் போக வேண்டாம். கர்நாடக சங்கீதம் கற்கிறவர்களுக்கு இதைக் கூடுதலாகவே அழுத்திச் சொல்வேன். விரலைத் துளையின் மேல் நகர்த்தியும் உதட்டை இளக்கியும்தான் கமகம் பிறக்கிறது. விறைத்த ரீடு உதட்டின் சொல்லைக் கேட்காது. மேல்நாட்டுப் புத்தகங்கள் ஆண்டுக்கு அரை நம்பர் ஏறச் சொன்னால், அது அவர்கள் வாசிக்கும் இசைக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றரைக்கும் இறங்காதீர்கள். மேல்ஸ்தாயியில் சுருதி இறங்கிவிடும், கொஞ்சம் அழுத்தி ஊதினால் ரீடு மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு சத்தமே நின்றுபோகும்.

வாங்கும்போது

ஒற்றை ரீடு வாங்காதீர்கள். டப்பாவில் பத்து இருந்தால் மூன்று நான்கு உடனே பேசும், நான்கைந்து பழகப் பழகப் பேசும், மீதி பேசவே பேசாது. அந்த மீதியில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் உங்களுக்கு வாசிக்க வரவில்லை என்றே நினைத்துவிடுவீர்கள். முழு டப்பா வாங்கப் பணம் இடித்தால், கூடவே கற்கும் இருவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ரீடு கொண்ட சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல ரீடு பொன்னிறமாக இருக்கும். பட்டைப் பக்கம் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் குற்றமில்லை. பச்சை ஓடியிருந்தால் நாணல் முற்றவில்லை என்று பொருள். அது சீக்கிரம் சோர்ந்துவிடும். நடுவில் கவிழ்த்த வளைவு போல ஒரு நிழல் தெரியும். அதுதான் ரீடின் இதயம். அந்த நிழல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிய வேண்டும். நார்கள் நேராக ஓட வேண்டும். பிறகு தட்டையான முதுகைக் கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். ஆடினால் அது வளைந்த ரீடு, தனியே ஒதுக்குங்கள்.

இந்த நாணல் வகைக்கு அருண்டோ டோனாக்ஸ் என்று பெயர். தென் பிரான்ஸின் வார் பகுதியில் விளைவது பேர்போனது. கொள்ளிடக் கரையில் நிற்கும் நாணலைப் பார்க்கும்போதெல்லாம் இதில் ஒரு ரீடு செதுக்கிப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். ஒருமுறை செதுக்கியும் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

நனைத்து, மாட்டி, ஊதி

உலர்ந்த ரீடை ஊதாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு நிமிடம் போதும், அல்லது வாயில் வைத்திருந்தாலும் சரி. நுனியில் அலை அலையாகச் சுருக்கம் இருந்தால் அது நீங்கும் வரை நனையட்டும். ஊறப்போட்டு மறந்துவிட்டால் ரீடு கொழகொழத்துப் போகும்.

மாட்டும்போது, ரீடைப் பிடித்து நிறுத்தும் வளையத்தை முதலில் மவுத்பீஸில் தளர்வாகச் செருகி, பிறகு மேலிருந்து ரீடை உள்ளே விடுங்கள். ரீடை வைத்துவிட்டு வளையத்தை இறக்கினால் நுனி ஒடிவதற்கே வாய்ப்பு அதிகம். ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். திருகுகளை ரீடு நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குழாயடி வாஷர் முடுக்குவது போல் முறுக்கினால் ரீடின் குரல் நெரிபடும்.

இப்போது எந்தத் துளையையும் மூடாமல் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடியுங்கள். அடுத்து எல்லாத் துளைகளையும் மூடி, சுண்டுவிரல் சாவியையும் அழுத்தி, வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை மெதுவாக எழுப்புங்கள். அது சிரமமில்லாமல் எழுந்தால் பாதி வேலை முடிந்தது. கடைசியாக இடது கட்டைவிரல் சாவியைத் தொட்டு மேலே தாவுங்கள். கீறாமல் தாவுகிறதா? அப்படியானால் ரீடின் மேல் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

காற்று மட்டும் வந்து, கன்னமும் தாடையும் ஐந்தே நிமிடத்தில் சோர்ந்தால் விறைப்பு அதிகம். வண்டு ரீங்கரிப்பது போல் மெலிந்த ஓசை வந்து, அழுத்தினால் நின்றுபோனால் இளக்கம் அதிகம். எறிவதற்கு முன் ஒரு சின்ன வித்தை: ரீடை மயிரிழை மேலே நகர்த்தினால் விறைப்புக் கூடும், கீழே இறக்கினால் குறையும். எனக்குப் பாதி ரீடுகள் இந்த ஒரே வித்தையில் பிழைத்திருக்கின்றன.

இன்னும் சந்தேகம் இருந்தால் வாத்தியத்தைச் சற்றே திருப்பி, உதடு ரீடின் இடப்பக்கத்தை மட்டும் அழுத்தும்படி ஊதுங்கள். பிறகு வலப்பக்கம். ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் மூக்கடைத்தாற்போலும் வந்தால், மந்தமாக வந்தபோது உதடு அழுத்தாத பக்கம்தான் தடித்த பக்கம். கண்ணாடி மேல் வைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் அந்தப் பக்கத்தை இரண்டே இழுப்பு தேய்த்து மறுபடி ஊதிப் பாருங்கள். நுனியைத் தொடவே வேண்டாம். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

பழக்குவதும் காப்பதும்

புது ரீடை முதல் நாளே ஒரு மணி நேரம் ஊதிக் கசக்காதீர்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து, ஒரு வாரத்தில் முழு நேரம். நான்கு ரீடுகளுக்கு எண் போட்டு நாளுக்கு ஒன்றாக மாற்றி வாசியுங்கள். நான்கும் நீடிக்கும், எந்த ஒன்றுக்கும் நீங்கள் அடிமையாகவும் மாட்டீர்கள்.

வாசிக்குமுன் வாயைக் கொப்பளிப்பது கட்டாயம். வெற்றிலைச் சாறும் கோயில் அக்காரவடிசலின் நெய்யும் ரீடுக்கு ஆகாது. வாசித்தபின் தண்ணீரில் காட்டி, கட்டைவிரலால் நுனி நோக்கித் துடைத்து, மவுத்பீஸிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். ரீடு வைக்கும் பெட்டி இல்லையென்றால் சின்னக் கண்ணாடித் துண்டும் ஒரு ரப்பர் பேண்டும் போதும். முதுகு கண்ணாடியில் படியட்டும். நம் ஊர் கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஜன்னலோரம் வைத்த ரீடு ஒரே மதியத்தில் முறுக்கிக்கொள்ளும். ஆடிக் காற்றும் அப்படித்தான் உலர்த்தும். ஐப்பசி மழையில் நேர்மாறு, மூடிய டப்பாவில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை கண்ட ரீடைத் தயங்காமல் எறியுங்கள், வாயில் வைக்கிற பொருள். அதேபோல் நுனி சிராய்த்தது, பழுத்துக் கறுத்தது, ஓசை மங்கியது எல்லாம் எறிய வேண்டியவையே. தினமும் வாசித்தால் ஒரு ரீடு சில வாரம்தான் வரும்.

பிளாஸ்டிக் ரீடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கனடாவின் லெஜேர் போன்றவை நனைக்க வேண்டியதில்லை, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. கல்யாண ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கிற பேண்டுக்காரருக்கு அது வரப்பிரசாதம். ஒன்றின் விலையில் ஒரு டப்பா நாணல் ரீடு வாங்கலாம் என்பதால், எது தன் நம்பர் என்று இன்னும் தெரியாத ஆரம்பக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக ஒன்று. பள்ளி ஆண்டுவிழாவோ தெருமுனைப் பிள்ளையார் கோயில் கச்சேரியோ, எதுவானாலும் சரி, அன்று காலை டப்பாவைப் பிரித்துப் புது ரீடை மாட்டிக்கொண்டு மேடை ஏறாதீர்கள். நட்சத்திரம் போட்டுவைத்த பழைய ரீடை எடுத்துக்கொண்டு போங்கள். சட்டைப் பையில் இன்னொன்றும் இருக்கட்டும்.