சி.என்.சி. ரூட்டருக்கு இரும்புச் சட்டம் கட்டும் முறை

ஆரணிப் பட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டி எங்கே இருக்கிறது என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நெய்பவரின் தலைக்கு மேலே, உயர்ந்த சட்டத்தின் மீது அது அமர்ந்திருக்கிறது. அட்டையிலுள்ள துளை எந்தக் கொக்கி எழ வேண்டும், எது எழக் கூடாது என்று கட்டளையிடுகிறது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1725-ல் புஷோன் என்பவர் துளையிட்ட காகிதத்தைத் தறிக்குப் பயன்படுத்தினார். அதே நகரில் 1804-ஐ ஒட்டி ஜக்கார்டு தம் சாதனத்துக்கு முழு உருவம் கொடுத்தார். 1952-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட காகிதச் சுருளைப் படித்துத் தானே உலோகத்தைக் கடையும் யந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். இன்று மரம் செதுக்கும் சி.என்.சி. ரூட்டர் அந்த வழியில் வந்ததே. துளைக்குப் பதில் கணினியின் எண்கள். கொக்கிக்குப் பதில் சுழலும் வெட்டுளி. ஆகவே நெசவாளருக்கு இது அந்நியமான யந்திரம் அன்று.

தறியின் மரப்பாகங்கள், தேனீப் பெட்டிச் சட்டங்கள், நாற்றுத் தட்டுகள் முதலியவற்றை ஒரே அளவில் வெட்ட இத்தகைய சிறு யந்திரம் உதவும். ஆனால் சிறு ரூட்டர்கள் பெரும்பாலும் கால்கள் இல்லாமலே விற்கப்படுகின்றன. தாங்கும் சட்டத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் பணம் வீணாகிறது. யந்திரத்துக்குத் தாராளமாகச் செலவிட்டவர், அதைப் பழைய மேசை ஒன்றின் மேல் ஏற்றிவிட்டு, வெட்டிய விளிம்பு ரம்பப் பல்லைப் போல் இருக்கிறதே என்று வெட்டுளியைக் குறை சொல்வார்.

ஜக்கார்டு சட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு வேறுபாடு புலப்பட வேண்டும். ஜக்கார்டு பெட்டி தன் சுமையைப் பெரும்பாலும் மேலும் கீழுமாகவே இழுக்கிறது. ரூட்டரின் தலையோ பல கிலோ எடையுடன் இடமும் வலமும் ஓடி, நொடிக்குள் நின்று, திரும்பி ஓடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டத்துக்குப் பக்கவாட்டில் ஓர் உதை விழுகிறது. எடையைத் தாங்குவது எளிது. நான்கு மூங்கில் கால்கள்கூடத் தாங்கும். உதைக்கு அசையாமல் நிற்பதே கடினம். நாம் கட்டப்போகும் சட்டத்தின் ஒவ்வோர் அளவும் இந்த உதையை எண்ணியே அமைய வேண்டும்.

முதலில் உயரம். ஜக்கார்டை உயர்த்துவதற்குத் தக்க காரணம் உண்டு. பெட்டி தாழ்ந்திருந்தால் ஓரத்துக் கயிறுகள் மிகச் சாய்ந்து இறங்கும். பலகையில் உரசித் தேயும். பாவும் சமமாகத் திறக்காது. ரூட்டருக்கு அந்தத் தேவை இல்லை. வேலை செய்பவர் முதுகு வளையாமல் மரத்தைப் பொருத்தி எடுக்க முடிந்தால் போதும். சட்டம் 75 சென்டிமீட்டர், யந்திரத்தின் படுகை 15 சென்டிமீட்டர் என்று கொண்டால் வேலைத்தளம் 90-ல் அமையும். அதற்கு மேல் உயர்த்துவதில் லாபமில்லை. ஏனெனில் ஒரே கனமுள்ள காலின் உயரத்தை ஒன்றரை மடங்காக்கினால், அதே உதைக்கு அது வளையும் அளவு மூன்று மடங்குக்கு மேலாகிவிடுகிறது.

உதாரணத்துக்கு 1200-க்கு 900 மில்லிமீட்டர் மேற்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 50-க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் தடிப்பு. மீட்டருக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், நான்கு கால்கள், மேற்சட்டத்தின் நடுவே இரண்டு குறுக்குகள். மொத்தம் 13 மீட்டர் போதும். ஆறு மீட்டர் நீளமுள்ள குழாய்கள் மூன்று வாங்கினால் மிச்சமுள்ளது மூலைவிட்டத் தாங்கல்களுக்கு உதவும். அந்தத் தாங்கல்களை விட்டுவிடலாகாது. நாற்கோணம் உதைக்குச் சாய்ந்து கொடுக்கும், முக்கோணம் கொடுக்காது. பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு மூலைவிட்டம் வைத்து, முன்பக்கத்தைக் கை நுழையத் திறந்து விடலாம்.

கீழ்ச்சட்டத்தின் மேல் ஒரு கருங்கல் பலகையைக் கிடத்துவது நன்று. கல்லுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்தில் பஞ்சமில்லை. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதியில் வரும் தேரைக் கவனித்தவர்களுக்குக் காரணம் புரியும். கனமான மரவேலை அடியில். மேலே உயர்ந்து தெரிவது பெரும்பாலும் கழியும் துணியுமே.

இனி, மூலை மட்டம். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடிப்பதை யாவரும் கண்டிருப்போம். நாம் கொண்ட அளவுக்கும் அதே கணக்கு: 900, 1200, மூலைவிட்டம் 1500. இரு மூலைவிட்டங்களும் ஒன்றாக இருக்கும் வரை தட்டிச் சரிசெய்ய வேண்டும். அதுவரை பொட்டுப் பொட்டாக மட்டுமே பற்றவைக்க வேண்டும். சூடான பற்று ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இரும்பை இழுக்கும். ஒரு மூலையை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர் கையில் சட்டம் முறுகிப்போவது இதனால்தான். ஒரு மூலையில் சிறிது, எதிர்மூலையில் சிறிது என்று மாறி மாறிப் பற்றவைப்பதே முறை.

முறுக்கைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை; நூல் போதும். மேற்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பட்டு நூல்களை விறைப்பாகக் குறுக்கே கட்டுக. நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடந்தால் சட்டம் சமம். இடைவெளி தெரிந்தாலும், ஒன்று மற்றதை அழுத்தினாலும் முறுக்கு உண்டு. மேல் நூலையும் கீழ் நூலையும் இடம் மாற்றி மறுமுறை பார்த்தால் ஐயம் தீரும். எஞ்சிய சிறு பிழையை யந்திரத்தின் அடியில் மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம். முறுகிய சட்டத்தின் மேல் யந்திரத்தை இறுக்கிப் பூட்டினால் யந்திரமும் உடன் முறுகும். கால்களின் அடியில் உயரம் திருத்தும் மரையாணிகள் வைத்தால் தரையின் மேடுபள்ளத்துக்கும் வழி பிறக்கும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். காலைக்கும் பிற்பகலுக்கும் 15 டிகிரி வேறுபட்டால் 1200 மில்லிமீட்டர் இரும்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் 0.4 நீளும். எஞ்சும் வேறுபாடு இரண்டு காகிதத் தாள்களின் கனம். அலுமினியப் படுகையை இரும்பின் மேல் இரு முனையிலும் இறுக்கினால், நீள வழியின்றி அது மேல்நோக்கி வளைய முயலும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் மரையாணிக்கு நீள்துளை விட்டால் இத்தொல்லை குறையும்.

இந்த வேலையை எக்காரணம் கொண்டும் தறிக்கூடத்திலோ நூல் அறையிலோ செய்யலாகாது. பஞ்சுத் துகளில் விழுந்த பொறி உடனே எரிந்து காட்டாது. ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு புகைந்து எழும். ஒரு குடும்பத்தின் பாவு முழுதும் அதில் போய்விடக் கூடும். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயானால் பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கிவிடுக. அதன் புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சல் காணும். வர்ணம் பூசும்போது ஒரு காலில் கட்டைவிரல் அகலம் வெறும் இரும்பாக விட்டுவைத்து, அங்கே எர்த் கம்பியை மரையாணியால் முடுக்கிய பிறகே மின்சாரத்தை இணைக்க வேண்டும்.