தெளிகருவியின் அமுக்கத்தைச் சோதித்தலும் பழுதறிதலும்

மருந்து தெளித்தும் பூச்சி அடங்கவில்லையெனக் கமக்காரர் பலர் முறையிடுவதுண்டு. மருந்தைக் குறைகூறுமுன், அதனைப் பயிரிற் சேர்க்கும் கருவியைச் சோதித்தல் வேண்டும். அமுக்கம் குறைந்தால் துளிகள் பருத்து, இலையில் தங்காது நிலத்தில் வழிந்துவிடும். கருவி கசிந்தாலோ நஞ்சு உங்கள் முதுகை நனைத்துத் தோல் வழியாக உடலிற் சேரும். ஆதலால், நஞ்சைக் கலப்பதற்கு முன், நன்கு கழுவிய கருவியை வெறுந் தண்ணீரால் சோதியுங்கள். முதுகிற் சுமந்து நெம்பால் இயக்கும் கருவிக்குரிய முறை கீழே தரப்படுகின்றது.

சோதிக்கும் முறை

தாங்கியின் அரைவாசிக்குத் தெளிந்த நீரை வடியினூடாக ஊற்றி மூடியை இறுக்குங்கள். கைப்பிடி வால்வை மூடிக்கொண்டு, நெம்பு இறுகும்வரை இயக்குங்கள். பின்பு கருவியை உலர்ந்த நிலத்தில் வைத்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். தாங்கியின் அடி, இறப்பர்க் குழாயின் இணைப்புகள், கைப்பிடி, தெளிமுனை ஆகிய எவ்விடத்திலும் ஒரு சொட்டேனும் கசிதலாகாது. வால்வைத் திறந்ததும், நெம்பை இயக்காமலே சிறிது நேரம் சீராகத் தெளிக்க வேண்டும். மூடியதும் உடனே நிற்க வேண்டும்.

அடுத்து, வழமையான வேகத்தில் நெம்பை இயக்கி, ஒரு நிமிடத்தில் வரும் நீரை அளவுப் பாத்திரத்திற் பிடியுங்கள். மூன்று முறை பிடித்துச் சராசரி காணுங்கள். அதே வகையான புதிய முனை தரும் அளவிலும் பத்திலொரு பங்குக்கு மேல் கூடினால், துளை தேய்ந்துவிட்டதென்று கொள்க. புதிய முனை 600 மில்லிலீற்றர் தருமாயின், 660 மில்லிலீற்றருக்கு மேல் தரும் முனையை மாற்றிவிட வேண்டும்.

பழுதும் பரிகாரமும்

எப்பகுதியைக் கழற்றுமுன்னும் வால்வைத் திறந்து அமுக்கத்தை வெளியேற்றுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

1. நெம்பு இறுகுகின்றது, தெளிப்பில்லை: இது அடைப்பு. முதலில் தெளிமுனையையும், அடுத்துக் கைப்பிடியிலுள்ள வடியையும் கழற்றிக் கழுவுங்கள். துளையை மென்மையான தூரிகையால் அல்லது புல்லின் தண்டால் சுத்தஞ் செய்யலாம். கம்பியும் ஊசியும் துளையைப் பெருப்பித்துவிடும். வாயால் ஊதுதல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

2. நெம்பு இலேசாக அசைகின்றது. அமுக்கம் ஏறவில்லை: தாங்கியில் நீர் குறைந்திருக்கலாம். உறிஞ்சும் வால்வில் மண் சிக்கியிருக்கலாம். பம்பின் கிண்ண வாசர் தேய்ந்திருக்கலாம். உலர்ந்த தோல் வாசரை எண்ணெயில் ஊறவிடுங்கள்; வெடித்ததை மாற்றுங்கள்.

3. கையை விட்டதும் நெம்பு தானாகவே திரும்பித் தள்ளப்படுகின்றது: நீரை வெளியேற்றும் வால்வு சரியாக மூடவில்லை. அதனைக் கழுவிப் பொருத்துங்கள், தேய்ந்திருப்பின் மாற்றுங்கள்.

4. சீராக இயக்கியும் விட்டுவிட்டுத் தெளிக்கின்றது: காற்றறையிற் காற்றுக் குறைந்துள்ளது. அதிலுள்ள நீரை வடித்து, மூட்டை இறுக்குங்கள்.

5. மூடிய பின்னும் முனை சொட்டுகின்றது: கைப்பிடி வால்வின் வாசரை மாற்றுங்கள்.

6. மூட்டுகளில் கசிவு: புதிய வாசர் இடுங்கள். துணி அல்லது நூல் சுற்றிச் சமாளித்தல் கூடாது. அது நஞ்சில் ஊறி உங்கள் உடலிற் படும்.

வேலை முடிந்ததும்

கருவியை மூன்று முறை கழுவி, அந்நீரை மருந்து தெளித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். வாய்க்காலிலும் கிணற்றடியிலும் ஊற்றலாகாது. களைநாசினிக்கு வேறொரு கருவி வைத்திருத்தல் நன்று. வயலிற் களைநாசினி தெளித்த கருவியில் எஞ்சும் சிறிதளவும் மிளகாய், தக்காளி ஆகியவற்றைக் கெடுத்துவிடும்.

காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் இச்சோதனைகள் முழுவதையும் செய்யுங்கள்; கசிவுச் சோதனையை ஒவ்வொரு முறை தெளிக்குமுன்னும் செய்யுங்கள். நீங்களே திருத்த முடியாத பழுதாயின், கருவியுடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.