பின்தொடர்வது குற்றம்

ஒரு பெண் தினமும் வேலைக்குப் போகிறாள். ஒருவன் அவள் பின்னாலேயே வருகிறான். பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்கிறான். பேச்சுக் கொடுக்கிறான். "எனக்கு விருப்பம் இல்லை, பின்னால் வராதே" என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் கேட்கவில்லை. மறுநாளும் வருகிறான். போன் செய்து தொல்லை கொடுக்கிறான்.

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? "இனி வேலைக்குப் போக வேண்டாம்" என்று பல வீடுகளில் சொல்லிவிடுவார்கள். தவறு செய்தவன் தெருவில் நடமாடுகிறான். தவறு செய்யாதவள் வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் சம்பளமும் போகிறது. இது நியாயமா?

"இளவட்டம், விளையாட்டாகச் செய்கிறான்" என்று சிலர் சொல்வார்கள். இது விளையாட்டு அல்ல.

டில்லியில் நடந்தது

டில்லியில் ஒரு பெண் சட்டம் படித்து வந்தார். அதே கல்லூரியில் படித்த ஒருவன் அவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தான். அவன் ஒரு பெரிய போலீஸ் அதிகாரியின் மகன். அந்தப் பெண் பயந்து பேசாமல் இருக்கவில்லை. 1995-ல் பலமுறை போலீசில் புகார் கொடுத்தார். "இனி தொல்லை தர மாட்டேன்" என்று அவன் எழுதிக் கொடுத்தான். ஆனால் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போலீஸ் காவலும் போட்டார்கள். அப்படியும் 1996 ஜனவரியில் அவர் கொல்லப்பட்டார்.

1999-ல் விசாரணை நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. 2006-ல் டில்லி உயர் நீதிமன்றம் அவனே குற்றவாளி என்று தீர்ப்புக் கூறி, தூக்குத் தண்டனை விதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

பின்தொடர்வதைக் குற்றம் என்று தனியாகச் சொல்லும் பிரிவு அன்று தண்டனைச் சட்டத்தில் இல்லை.

சட்டம் வந்தது

2012 டிசம்பரில் டில்லியில், ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அவர் இறந்து போனார். நாடு முழுவதும் மக்கள் போராடினார்கள். அதன் பிறகு 2013-ல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. பின்தொடர்வது தனிக் குற்றம் ஆனது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் இது 78-ஆம் பிரிவு.

விருப்பம் இல்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும், ஓர் ஆண் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து அவளோடு பழக முயன்றால் அது குற்றம். அவள் இணையத்தில், செல்போனில் என்ன செய்கிறாள் என்று வேவு பார்ப்பதும் குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பானால் 5 ஆண்டு வரை சிறை.

இது போதுமா?

போதாது. முதல் முறை இது ஜாமீனில் விட வேண்டிய குற்றம். பிடிபட்டவன் போலீஸ் நிலையத்திலிருந்தே ஜாமீனில் வந்துவிடலாம். மறுநாள் அதே பஸ் நிறுத்தத்தில் நிற்கலாம். புகார் கொடுத்த பெண்ணுக்கு ஆபத்து அதிகமாவது அப்போதுதான்.

வீட்டில் உள்ளவர் கொடுமை செய்தால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி "அவள் அருகில் போகாதே" என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். பின்தொடர்பவன் வெளியாள் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. முதல் புகாரிலேயே இப்படி ஓர் உத்தரவு கிடைக்க நாடு முழுவதற்கும் சட்டம் வேண்டும். உத்தரவை மீறினால் உடனே கைது செய்ய வேண்டும். கொலை நடந்த பிறகு தரும் தண்டனை, போன உயிரைத் திருப்பித் தராது.

நாம் செய்ய வேண்டியவை

• அவன் வந்த நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் கற்ற எழுத்து இங்கே உதவும்.
• மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். அவை சாட்சி.
• அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181.
• புகாரைப் பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.
• போலீஸ் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதி அனுப்புங்கள்.
• பெண்ணை வீட்டில் அடைக்காதீர்கள். துணைக்குப் போங்கள்.

கலந்து பேசுங்கள்

1. தொல்லைக்கு ஆளான பெண்கள் புகார் கொடுக்கத் தயங்குவது ஏன்?
2. ஜாமீனில் வந்தவன் மீண்டும் அவள் அருகில் போகாமல் இருக்க என்ன சட்டம் வேண்டும்?
3. பெண் மறுத்தாலும் பின்னால் சுற்றுவதுதான் காதல் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். இது சரியா?