டங்கனை ஏன் உட்கார வைத்தார்?

கேள்வி: வெம்பன்யாமாவால் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ரசிகனானவன் நான். பழைய ஆட்டங்களைத் தேடப்போய் 2013 என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்றின் 6-வது ஆட்டத்தைப் பார்த்துத் தொலைத்தேன். முடிவு தெரிந்தே பார்த்தும் வயிறு எரிகிறது. 28 வினாடி மிச்சம், 5 பாயின்ட் முன்னிலை. அந்த நேரத்தில் டிம் டங்கனை யாராவது வெளியே உட்கார வைப்பார்களா? 3 பாயின்ட் முன்னால் இருக்கும்போது ஒரு ஃபவுல் செய்திருந்தால் கதை முடிந்திருக்குமே? கோப்பையைத் தாரை வார்த்தது கோச் பாப்போவிச்தான் என்கிறேன். என் தம்பி ஒப்புக்கொள்ள மறுக்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் தம்பிக்கு முக்கால் பங்கு, உங்களுக்குக் கால் பங்கு. ஆனால் அந்தக் கால் பங்கு லேசானதல்ல.

முதலில் கோச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி அரை நிமிடத்தில் ஸ்பர்ஸ் வீரர் ஜினோபிலி இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டார். கவாய் லியோனார்டும் அப்படியே. அப்போது லியோனார்டுக்கு 21 வயது. அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால், கடைசியில் மயாமியின் ரே ஆலன் சுட்ட மூன்று பாயின்ட் ஷாட் விழுந்த பிறகும் ஸ்பர்ஸ் ஒரு பாயின்ட் முன்னால் நின்றிருக்கும். இதற்கெல்லாம் பாப்போவிச் என்ன செய்வார்?

இனி டங்கன். மயாமி ஹீட்டுக்கு அப்போது வேண்டியது மூன்று பாயின்ட் ஷாட். அவர்களுடைய சென்டர் கிறிஸ் பாஷ்கூட வெளியே வந்து சுடக்கூடியவர். எதிராளிகள் ஒருவருக்கொருவர் திரை போட்டு ஓடும்போது, ஆளுக்கு ஆள் மாறி மாறிப் பிடிக்கிற தடுப்புக்குக் கால் வேகம் வேண்டும். 37 வயது டங்கனைவிட போரிஸ் டியாவ் அதற்குத் தோதானவர். இந்தக் கணக்கில் தப்பில்லை. கடைசி வினாடிகளில் இப்படி ஆள் மாற்றுவது கோச்களின் வழக்கம்தான். தடுப்பும் வேலை செய்தது. லெப்ரான் ஜேம்ஸ் இரண்டு முறையும் முதல் ஷாட்டைத் தவறவிட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நான் குறை சொல்வது இரண்டாவது முறையைத்தான். முதல் முறை லெப்ரானின் ஷாட் தவறியதும் பந்துக்கு அடிபிடி நடந்து, அது மைக் மில்லர் கைக்குப் போய், அவரிடமிருந்து மறுபடி லெப்ரானுக்கே வந்தது; இந்த முறை அவர் உள்ளே போட்டுவிட்டார், 94-92. தடுப்பில் ஓட்டை எங்கே என்று அந்த ஒரு ரீபவுண்டே காட்டிவிட்டது. அன்று 30 பாயின்ட், 17 ரீபவுண்ட் எடுத்தவர் பெஞ்சில் இருக்கிறார். ஸ்பர்ஸ் 95-92 என்று போன பிறகு, மயாமி பந்தோடு வரும்போது மறுபடியும் டங்கன் இல்லை. லெப்ரான் தவறவிட, ஜினோபிலிக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தவர் பாஷ். இதை மட்டும் என்னால் பாப்போவிச் பக்கம் நின்று வாதாட முடியவில்லை.

அடுத்து நடந்ததற்கு ஆலனை வணங்க வேண்டும். காட்சியை மெதுவாக ஓட்டி அவர் கால்களை மட்டும் பாருங்கள். கீழே குனிந்து பார்க்காமல் வலது மூலைக்குப் பின்னோக்கியே போகிறார், கோட்டைத் தாண்டி நிற்கிறார், பந்து வருகிறது, டோனி பார்க்கர் பாய்ந்து வருவதற்குள் சுட்டுவிடுகிறார். 5.2 வினாடி மிச்சம், 95-95. கூடைக்கு அருகே தரையில் படுத்திருந்து, எழுந்து, பின்னோக்கி மூலைக்கு ஓடிச் சுடுவதை அவர் வருடக்கணக்காகப் பயிற்சி செய்தவர். ஓவர்டைமில் மயாமி 103-100 என்று ஜெயித்தது.

ஃபவுல் விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். லியோனார்டின் ஃப்ரீ த்ரோவுக்குப் பின் 19 வினாடி பாக்கி. அது நெடுநேரம். ஃபவுல் செய்தால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. உடனே அவர்கள் திருப்பி ஃபவுல் செய்வார்கள். மறுபடி நம் ஆள் கோட்டில் நிற்க வேண்டும். அங்கேதானே ஏற்கெனவே இரண்டு போனது! போதாததற்கு லெப்ரான் சுடக் கை தூக்கும் நேரத்தில் பிடித்துவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பாஷ் ரீபவுண்ட் எடுத்த கணத்தில் அவரைப் பிடித்திருக்கலாம் என்பது நியாயமான பேச்சு. ஆனால் அவர் பந்தை வைத்துக்கொண்டு நிற்கவில்லையே.

இன்னொன்று: ஸ்பர்ஸ் 95-88 என்று தோற்ற 7-வது ஆட்டத்தையும் பாருங்கள். கடைசி நிமிடத்தில் 90-88. டங்கன் களத்தில்தான் இருந்தார். கூடைக்குப் பக்கத்தில், தன்னைவிடக் குள்ளமான ஷேன் பாட்டியே எதிரே. ஷாட் தவறியது, திரும்பி வந்த பந்தைத் தட்டிவிட்டார், அதுவும் தவறியது. தடுப்புக்குத் திரும்பியவர் இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அறைந்தார். டங்கன் இருந்திருந்தால் என்று நாம் போடும் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

பாப்போவிச் மேல் எனக்கு மரியாதை கூடியது அதற்குப் பிறகுதான். 6-வது ஆட்டம் தோற்ற இரவு, ஜெயித்தால் கொண்டாட என்று ஏற்பாடு செய்திருந்த உணவகத்துக்கே அணியை அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்தார். அடுத்த சீசன் பயிற்சி முகாம் தொடங்கும்போது அந்தத் தோல்வியின் படத்தையே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். 2014-ல் அதே மயாமியை 4-1 என்று மடக்கினார்கள். ஜெயித்த நான்கிலும் வித்தியாசம் 15 பாயின்டுக்குக் குறையவில்லை. தம்பியையும் உட்கார வைத்து அதில் 3-வது ஆட்டத்தின் முதல் பாதியைப் பாருங்கள். மயாமியின் அதே அரங்கம். ஸ்பர்ஸ் அந்தப் பாதியில் எடுத்தது 71 பாயின்ட். சுட்டதில் முக்காலுக்கு மேல் உள்ளே. ஆட்டம் முழுவதும் சேர்த்து லியோனார்ட் மட்டும் 29.