ஃபாஸ்டா ஏறுகிறது, ஜிஎஃப்எஃப்3 ஏற மறுக்கிறதே?

கேள்வி: டாக்கரில் ட்ரைபால் (இணைய இடைமுகம்), சாடோ (தரவுத்தள அமைப்பு) இரண்டையும் நிறுவி, ஒரு பூச்சியின் ஜீனோம் தரவுத்தளம் அமைக்கிறேன். டிஎன்ஏ வரிசைகள் உள்ள ஃபாஸ்டா கோப்பு ஏறிவிட்டது. ஜீன்களின் இருப்பிடம் சொல்லும் ஜிஎஃப்எஃப்3 மட்டும் பிழை காட்டி நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் பெயர்தான் வில்லன். ஜிஎஃப்எஃப்3-இன் முதல் நெடுவரிசையில் உள்ள பெயரும், ஃபாஸ்டாவின் தலைப்பு வரியில் வரும் முதல் சொல்லும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் ‘சிஎச்ஆர்1’, மற்றதில் வெறும் ‘1’ என்றிருந்தால் சாடோவுக்கு அவை வேறு வேறு வரிசைகள். முதலில் உயிரினம், பிறகு பகுப்பாய்வு, அப்புறம் ஃபாஸ்டா, கடைசியில் ஜிஎஃப்எஃப்3: ஏற்றும் இந்த ஒழுங்கையும் மாற்றாதீர்கள்.

ஏறிய பிறகு, 101-இல் தொடங்கும் ஜீன் சாடோ அட்டவணையில் 100 என்று தெரியும். பதற வேண்டாம். ஜிஎஃப்எஃப்3 எண்ணிக்கையை 1-இல் தொடங்குகிறது. பழ ஈக்கான ஃபிளைபேஸுக்காக உருவான சாடோ 0-இல் தொடங்குகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: சாடோ இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவைப் பெயரிட்ட வால்யூமில் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கன்டெய்னரை நீக்கிப் புதிதாக எழுப்பும்போது காலித் தரவுத்தளம்தான் எதிரே நிற்கும். கடைசியாக, முழு ஜிஎஃப்எஃப்3 கோப்பிலும் கைவைக்கும் முன், ஒரேயொரு ஸ்கஃபோல்டை (ஜீனோமின் ஒரு துண்டை) மட்டும் பிரித்தெடுத்து ஏற்றிப் பாருங்கள்.