பம்ப் வாங்குவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. கொலராடோவில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, வீட்டிலேயே பியர் காய்ச்ச ஒரு கருவியைக் கட்டப்போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஊரும் பொருத்தமான ஊர்தான். அமெரிக்காவில் வீட்டுப் பியருக்கு வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978 அக்டோபரில். அந்த ஆண்டேதான் கொலராடோவின் போல்டர் நகரில் அமெரிக்கன் ஹோம்புரூவர்ஸ் அசோசியேஷன் தொடங்கியது.

படத்தில் பம்பும் பெரிது, சூடேற்றும் எலிமென்ட்டும் பெரிது. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கருவிக்குள் சாறு சுற்றிவரும் வேகத்தைத் தானியம்தான் முடிவு செய்யும். பம்ப் அதற்கு அடங்கி நடக்க வேண்டும்.

உடைத்த பார்லி மால்ட்டை ஏறக்குறைய 66 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். அந்த நேரத்தில் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. சூடு 63 பக்கம் இருந்தால் பியர் இனிப்பின்றி மெலிதாக வரும். 69 பக்கம் போனால் கனமாக, சற்றே இனிப்பாக வரும். பாத்திரத்தின் ஓரம் சீக்கிரம் ஆறிவிடும், நடுப்பகுதி ஆறாது. இந்த வித்தியாசத்தைப் போக்கத்தான் அடியில் வடியும் இனிப்புச் சாறான வோர்ட்டை எடுத்து, வழியில் சூடேற்றி, மேலே விடுகிறோம். குழாய்க்குள் எலிமென்ட் வைத்துச் சூடேற்றுவது ரிம்ஸ். வெந்நீரில் அமிழ்ந்த சுருள்குழாய் வழியே ஓட்டுவது ஹெர்ம்ஸ்.

வடிகட்டும் வேலையைச் செய்வது பார்லியின் உமி. பம்ப் பலமாக இழுத்தால் தானியம் களிமண் போல இறுகி ஓட்டம் நின்றுவிடும். ரிம்ஸில் அப்படி நின்ற வோர்ட், எலிமென்ட்டில் பட்டுக் கருகும். அந்தக் கருகல் வாடை பியரை விட்டுப் போகாது. அதனால் மால்ட்டை உடைக்கும்போதே உமி கிழியாமல் பார்த்துக்கொள். கோதுமை அதிகம் சேர்த்தால், அதற்கு உமி இல்லாததால், கழுவிய நெல் உமியைக் கலந்துகொள்.

காந்த இணைப்புப் பம்ப் தானாக நீரை இழுத்துக்கொள்ளாது. பாத்திரத்துக்குக் கீழே வைத்து, முதலில் பம்பை நிரப்பிவிடு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை வெளியேறும் பக்கத்தில் மாட்டு; உள்ளே வரும் பக்கத்தில் குறுக்கினால் குமிழி புகுந்து பம்ப் வெறுமனே சுற்றும். வால்வைச் சிறிதளவே திறந்து தொடங்கு. முதலில் வரும் வோர்ட் மாவுத்துகளோடு கலங்கலாக இருக்கும். கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இரு. மெல்லத் தெளிந்துவந்தால் தானியம் சரியாகப் படிந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகே வேகத்தைச் சற்றுக் கூட்டலாம்.

குழாய் சூடு தாங்கும் சிலிக்கோனாக இருக்கட்டும். தோட்டக் குழாய் இதற்கு ஆகாது. மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. ஈரக்கையோடு நிற்கப்போகிற இடம் அது. மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரும் எர்த்தும் கட்டாயம் வேண்டும். இணைப்பை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கொடு. ஓட்டம் இல்லாதபோது எலிமென்ட் எரியாதபடி ஏற்பாடு செய்.

எல்லாம் கூடியதும் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார். ஒழுகும் இணைப்பும் பொய் சொல்லும் தெர்மாமீட்டரும் அப்போதே தெரிந்துவிடும். எலிமென்ட்டின் அளவை அதற்குப் பிறகு பேசுவோம். இப்போதைக்கு நல்ல வால்வு ஒன்றும் நம்பகமான தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கு. மற்றவற்றுக்கு அவசரமில்லை.

அன்புடன்,
அண்ணன்